டயாலிசிஸுக்கு முன்பே காக்க வேண்டிய கை

"ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கு" என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டுச் சமையல் மாறிவிடும். கருவாடும் ஊறுகாயும் நின்றுபோகும். இளநீரைக் கண்டாலே பயம் வரும். ஆனால் அதே வாரம் உடம்பு அசதியாக இருக்கிறதென்று பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போய், இடது முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் குத்தி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதை யாரும் தடுப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து டயாலிசிஸ் தேவைப்படும்போது அறுவை மருத்துவர் அந்தக் கையைத் தடவிப் பார்ப்பார். மெத்தென்று அமுங்க வேண்டிய ரத்தக் குழாய், காய்ந்த கயிறு மாதிரி விரலில் உருளும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கும் ஃபிஸ்டுலாவை அந்த இடத்தில் வைக்க முடியாது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்களில் பலர் டயாலிசிஸைத் தொடங்குவது கழுத்தில் டியூபோடுதான். மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, அவசரத்தில் சேர்க்கப்பட்டு, அன்றிரவே டியூப் போடப்படுகிறது. இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஃபிஸ்டுலா அறுவை ஒன்று, ஒன்றரை மணி நேர வேலை. அதற்கான தயாரிப்புக்குத்தான் மாதங்கள் வேண்டும். கையைக் காப்பதற்கு வருடங்கள் வேண்டும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. நம் பேச்சில் யூரியா, கிரியாட்டினின் இரண்டுக்குமே 'உப்பு' என்றுதான் பெயர். அது சமையல் உப்பு அல்ல, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. அதேபோல ஊசி ஏற்றும் குழாயை 'நரம்பு' என்கிறோம். மருத்துவப் புத்தகத்தில் அது சிரை. இங்கே ஊர் வழக்கப்படி நரம்பு என்றே எழுதுகிறோம். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய், அதாவது நாடி துடிக்கும் குழாய், தமனி.

எந்திரத்துக்கு எவ்வளவு ரத்தம் வேண்டும்

டயாலிசிஸ் எந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை உடம்பிலிருந்து இழுத்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்புகிறது. நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 72 லிட்டர். உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் அளவு என்பதால், ஒரே ரத்தம் பதினான்கு முறை சுற்றி வருகிறது. முன்கையில் தெரியும் சாதாரண நரம்பு இந்த ஓட்டத்தைத் தராது. எந்திரம் இழுத்தவுடன் ஒட்டிக்கொள்ளும். தமனியில் ஓட்டம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் கிடக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை அதில் ஊசி குத்தினால் வலியும் ரத்தக்கசிவும் தாங்காது, குழாயும் கெடும்.

1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைக் கைக்கு வெளியே பொருத்தி இதற்கு வழி கண்டார். அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கும். 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஸ்சியாவும் சிமினோவும் சக மருத்துவர்களோடு வேறொரு வழியை வெளியிட்டார்கள். வெளிக்குழாய் எதுவுமில்லாமல், மணிக்கட்டில் தமனியையும் நரம்பையும் தோலுக்குள்ளேயே இணைத்துத் தைத்துவிடுவது. அதுதான் ஃபிஸ்டுலா. அறுபது வருடம் ஆகியும் முதலில் முயலும் வழியாக அதுவே இருக்கிறது.

டெல்டாக்காரருக்கு இதைப் புரியவைப்பது எளிது. தமனி என்பது பாசன வாய்க்கால், நரம்பு என்பது வடிகால். நடுவே வயல். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் பாய்ந்து, வேகம் குறைந்து, மெல்ல வடிகாலில் இறங்குகிறது. ஃபிஸ்டுலாவில் வயலைத் தாண்டி வாய்க்காலை நேரே வடிகாலில் வெட்டிவிடுகிறோம். மணிக்கட்டுத் தமனியில் அதுவரை நிமிடத்துக்கு 20, 30 மில்லி ஓடிய ரத்தம், தையல் போட்டவுடன் 200, 300 ஆகிறது. அந்த ஓட்டத்தைத் தாங்கி நரம்பு அகலமாகிறது, சுவர் தடிக்கிறது. சில வாரங்களில் 600 மில்லியைத் தாண்டுகிறது. நரம்பு இப்படி விரிந்து தடிப்பதைத்தான் 'ஃபிஸ்டுலா பழுப்பது' என்கிறார்கள். ஏற்கெனவே ஊசி குத்தித் தூர்ந்துபோன வடிகாலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது அகலமாகாது. அந்த ஒரு பாட்டில் குளுக்கோஸ் செய்த கேடு இதுதான். சிறுநீரகம் பழுதான உடம்பில் தேவையில்லாமல் ஏற்றும் திரவம் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கூட்டும் என்பது தனி.

எப்போது தொடங்குவது

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. கிரியாட்டினின் 3 என்ற ஒரே முடிவு, 30 வயது ஆணுக்குச் சிறுநீரகம் சுமார் 28 அளவில் வேலை செய்வதைக் காட்டும். 60 வயதுப் பெண்ணுக்கு அது சுமார் 17தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் இந்த எண்ணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். பல லேப் ரிப்போர்ட்டுகளில் இது அச்சாகியே வருகிறது. இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். "மூணுதானே இருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டு இருந்துச்சு" என்ற ஆறுதல் பல பெண்களின் நேரத்தைத் தின்றிருக்கிறது.

இந்த எண் 30க்குக் கீழே இறங்கியதும் சிறுநீரக மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும், கையைக் காப்பது தொடங்கியிருக்க வேண்டும். 20க்கும் 15க்கும் இடையில் இறங்கிக்கொண்டே போனால், அல்லது ஆறு மாதத்துக்குள் டயாலிசிஸ் வரும் என்று மருத்துவர் கணித்தால், ஃபிஸ்டுலாவுக்கு அனுப்புவார். ஆறு மாதம் எதற்கு? முதல் ஃபிஸ்டுலா பழுக்க இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். கணிசமானவர்களுக்கு அது பழுக்காமலே போகும். அப்போது இன்னொன்று வைத்துப் பழுக்க விட மறுபடி அதே காலம் வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குச் சித்திரை, வைகாசியிலேயே தூர்வாரி முடிப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும்.

எல்லாருக்கும் அவசரமும் இல்லை. 80 வயதில், வருடக்கணக்காக 18லேயே நிற்கிறவருக்கு டயாலிசிஸ் வராமலே போகலாம். அவருக்கு ஃபிஸ்டுலா வைத்தால் இதயத்துக்குக் கூடுதல் சுமைதான் மிச்சம். எண்ணோடு அது இறங்கும் வேகத்தையும் பார்த்து முடிவெடுக்கிற மருத்துவரை நம்பலாம்.

இந்தக் காலத்திலேயே முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. சிறுநீரக நோயாளிக்கு வழக்கமான அளவைப்போல இரு மடங்கு, அதாவது 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்கள் என நான்கு தவணை போடுவார்கள். சிறுநீரகம் ஓரளவு வேலை செய்யும்போதே போட்டால்தான் உடம்பு நன்றாக எதிர்ப்பை உண்டாக்கும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு போட்டால் பலருக்குப் பலன் குறைகிறது.

இடது கை 'சும்மா இருக்கிற கை' அல்ல

வழக்கமாக எழுதாத கையில்தான் முதலில் ஃபிஸ்டுலா வைப்பார்கள். வலது கைக்காரருக்கு இடது கை. பாடப்புத்தகத்தில் அது வேலை குறைந்த கை. வயலில் அப்படியில்லை. கதிர் அரிவாளை வலது கை பிடித்தாலும், தாளைக் கொத்தாகச் சேர்த்துப் பிடிப்பது இடது கைதான். நெல் சோகை கிழிப்பதும், அரிவாள் நழுவினால் வெட்டுப்படுவதும் அந்த மணிக்கட்டில்தான். நடவில் நாற்று முடியைத் தாங்குவதும் இடது கை. குடத்தையும் குழந்தையையும் இடுப்பில் அணைப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆகவே எந்தக் கை என்று முடிவு செய்யும்போதே நோயாளி தன் வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும். "விவசாயம்" என்ற ஒரு சொல் போதாது.

கை முடிவானதும், அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப்ஸ் கூடாது, ஊசி மருந்து ஏற்றக் கூடாது. தவிர்க்கவே முடியாதபோது இரண்டு கையிலுமே புறங்கை நரம்பைத்தான் பயன்படுத்த வேண்டும். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரையும், அதற்கு மேல் தோள் வரையும் தொடக் கூடாது. லேப்பில் பட்டையைக் கட்ட வருகிறவர் அவசரத்தில் இருப்பார், அவருக்கு முழங்கை மடிப்புதான் எளிது. கேட்கத் தயங்கக் கூடாது.

"தம்பி, இந்தக் கை வேணாம்ப்பா. ஃபிஸ்டுலாவுக்கு வெச்சிருக்கு. அந்தக் கையில, புறங்கையில எடு."

"அங்க சின்ன நரம்பும்மா, வலிக்கும்."

"வலிச்சாலும் பரவாயில்ல."

இவ்வளவுதான் பேச வேண்டியது. பேச முடியாத நிலையில் சேர்க்கப்படுகிறவருக்காக அந்த மணிக்கட்டில் 'ரத்தம் எடுக்க வேண்டாம்' என்று எழுதிய லேசான பட்டை போடலாம். கூட வருகிற மகளோ மருமகனோ இதை அறிந்திருப்பது அதைவிட நல்லது. ஆம்புலன்ஸிலும் கேஷுவாலிட்டியிலும் முதல் வென்ஃப்ளான் போகும் இடம் அந்தக் கையாகவே இருக்கும்.

அதிகம் பேசப்படாத இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, மணிக்கட்டுத் தமனி வழியாகச் செய்யும் இதய ஆஞ்சியோகிராம். நெஞ்சுவலி வந்து போகிறவர் தனக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருப்பதையும் ஃபிஸ்டுலா திட்டத்தையும் முதலிலேயே சொன்னால், தொடை வழியாகச் செய்ய முடியுமா என்று இதய மருத்துவர் பார்ப்பார். மணிக்கட்டுத் தமனி அடைத்துப்போனால் அந்த இடத்து ஃபிஸ்டுலா வாய்ப்பு போய்விடும். மற்றது, காறை எலும்புக்குக் கீழே செலுத்தும் குழாய், அந்தப் பக்கத்து பேஸ்மேக்கர் கம்பி. அவை மார்பினுள் இருக்கும் பெரிய நரம்பைச் சுருக்கிவிடலாம். வடிகால் கடலில் சேரும் இடத்தில் அடைத்தால் மேலே வயல் மூழ்குவதுபோல, பிறகு ஃபிஸ்டுலா வைத்ததும் கை முழுவதும் வீங்கும்.

மருத்துவர் என்ன பார்க்கிறார்

முதலில் கையால். இரண்டு கையிலும் நாடி, இரண்டு கையிலும் ரத்த அழுத்தம். இரண்டுக்கும் வித்தியாசம் 20க்கு மேல் இருந்தால் மேலே எங்கோ தமனி சுருங்கியிருக்கலாம். பிறகு ஆலன் சோதனை. கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் விரலால் அழுத்தி, உள்ளங்கை வெளுத்ததும் சுண்டுவிரல் பக்கத் தமனியை மட்டும் விடுவார். சில நொடிகளில் உள்ளங்கை சிவந்தால், கட்டைவிரல் பக்கத் தமனியை ஃபிஸ்டுலாவுக்கு எடுத்தாலும் விரல்களுக்கு ரத்தம் போகும். சிவக்கத் தாமதமானால் யோசிப்பார்.

அடுத்து, குழாயையும் அதன் ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் ஸ்கேன். மேல்கையில் பட்டை கட்டி, நரம்பின் விட்டம், தமனியின் விட்டம், நரம்பு தடையில்லாமல் மேலே போகிறதா, தோலிலிருந்து எவ்வளவு ஆழம் என்று அளப்பார்கள். இரண்டுமே 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். நரம்பு இரண்டரை என்றால் நிம்மதி. குளிரிலும் உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையிலும் நரம்பு சுருங்கித் தெரியும். எனவே ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு படுத்தவரின் அளவை அப்படியே நம்பிக் "குழாய் சின்னது" என்று ஒதுக்கிவிடக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். எக்ஸ்ரேயில்கூட வெள்ளைக் கோடாகத் தெரியும். அவர்களுக்கு மணிக்கட்டைவிட முழங்கையில் வைப்பதே சில நேரம் பொருத்தம்.

மற்றபடி கீழிருந்து மேலே போவதுதான் வழக்கம். மணிக்கட்டில் தோற்றால் முன்கையிலும் முழங்கையிலும் இடம் மிச்சம் இருக்கிறது. முழங்கையில் தொடங்கினால் கீழே இறங்க முடிவதில்லை. இதயம் பலவீனமாக இருப்பவருக்கு எக்கோ எனும் இதய ஸ்கேன் பார்த்த பிறகே முடிவு.

அறுவை நாளும் அதற்கு முந்தைய நாட்களும்

ஒரு மாதம் முன்பிருந்தே மென்மையான பந்தை அந்தக் கையால் அழுத்திப் பழகச் சொல்வார்கள். ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. பந்து இல்லையென்றால் உருட்டிய துணி போதும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது. எது எதை என்றைக்கு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் ஏற்கெனவே நடக்கிறதென்றால் அது முடிந்த கையோடு அறுவைக்குப் போவது நல்லதல்ல. நீர் வற்றி, பிரஷர் இறங்கியிருக்கும். அந்த நிலையில் புதுத் தையல் எளிதில் அடைக்கும். கையில் உள்ள முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம், சிறு கீறலும் கிருமிக்கு வழி. வளையல், மோதிரம், கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும்.

உடையைக் கவனிக்கிறவர்கள் குறைவு. முழங்கையில் வைக்கும் ஃபிஸ்டுலாவுக்கு ரவிக்கையின் இறுக்கமான கை நேரே மேலே அழுத்தும். அறுவைக்கு முன்பே இரண்டு ரவிக்கைகளின் இடது கையைப் பிரித்துத் தளர்த்தித் தைத்து வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் முன்பக்கம் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டை.

அறுவை பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீறல். நரம்பை வெட்டி, அதன் வாயைத் தமனியின் பக்கவாட்டுத் திறப்பில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். பிடியை விட்டதும் மருத்துவர் விரலை வைத்துப் பார்ப்பது ஒன்றுக்காகத்தான்: அதிர்வு. சாப்பிட்டுவிட்டு மடியில் படுத்த பூனையின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்த 'கிர்ர்'.

பழுக்கும் வாரங்கள்

அந்த அதிர்வை வீட்டில் நோயாளியே பார்க்கப் பழக வேண்டும். வீட்டுக்கு அனுப்புமுன் சிஸ்டரிடம் கேட்டு, தன் விரலை வைத்து, இதுதான் என்று உணர்ந்துகொண்டு போக வேண்டும். காலையில் எழுந்ததும், மதியம், படுக்குமுன். காதருகே கையை வைத்தால் 'உஷ்ஷ் உஷ்ஷ்' என்ற தொடர் ஒலியும் கேட்கும். அதிர்வு நின்று வெறும் நாடித் துடிப்பு மட்டும் தெரிந்தாலோ, எதுவுமே தெரியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனை. ஒன்றிரண்டு நாளுக்குள் போனால் அடைப்பை எடுத்துக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. "அடுத்த வாரம் எப்படியும் வரச் சொல்லியிருக்காங்க" என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

முதல் சில நாட்கள் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். லேசான வீக்கம் இயல்பு. கட்டைச் சுற்றி இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது. தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். புண் ஆறும்வரை ஆறு, குளம், வயல் சேறு எதிலும் கை படக் கூடாது. மருத்துவர் சரி என்றதும் மறுபடி பந்து.

பிறகு வாழ்நாள் முழுக்கச் சில விலக்குகள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. அதன்மேல் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வாட்ச் கூடாது. மேல்கையில் தாயத்து கட்டியிருந்தால் கழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கோயில் திருவிழாவில் பெண்களுக்குக் காப்புக் கயிறு கட்டுவது இடது மணிக்கட்டில். பூசாரியிடம் முன்பே சொல்லி வலது கையில் கட்டிக்கொள்ளலாம். சொன்னால் மறுக்கிறவர் யாரும் இல்லை. நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் அந்தக் கைக்கு வேண்டாம். ஆனால் கையை உறையில் போட்டுப் பொத்திவைக்கவும் கூடாது. சோறு பிசையாத கை என்றாலும் துணி மடிக்கலாம், காய் நறுக்கப் பிடிக்கலாம். ஓட்டம் இருக்க அசைவு வேண்டும்.

நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மருத்துவர் மறுபடி பார்ப்பார். 'ஆறு' என்ற எண்ணை நினைவில் வைத்தால் போதும்: ஆறு வாரத்தில், 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம். இது கிடைத்தால் ஊசி குத்தலாம். முதல் சில தடவை 17ஆம் எண் மெல்லிய ஊசி, எந்திர வேகமும் 200, 250 அளவில். பிறகு படிப்படியாகத் தடித்த ஊசி.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கையைத் தொங்கவிட்டால் ஃபிஸ்டுலா புடைத்து நிற்கும். தலைக்கு மேல் தூக்கினால் அது தளர்ந்து அமுங்க வேண்டும். தூக்கிய பிறகும் விறைப்பாகவே நின்றால் மேலே எங்கோ அடைப்பு.

கெடுவது எதனால்

முதல் வாரங்களில் அடைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் சிறிய நரம்பு, பிரஷர் இறங்குவது, உடம்பில் நீர் வற்றுவது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் ஃபிஸ்டுலாவுக்கும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. டயாலிசிஸில் ஒரே தடவையில் அதிக நீரை எடுத்து பிரஷர் விழுந்தாலும் அப்படியே. இரண்டு டயாலிசிஸ் நடுவே எடை அளவோடு கூடினால், எடுக்க வேண்டிய நீரும் அளவோடு இருக்கும்.

பழுக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் தையலுக்குச் சற்று மேலே நரம்பு சுருங்குவது. அல்லது நடுவழியில் கிளை நரம்புகள் ஓட்டத்தைப் பிரித்துக்கொண்டு போவது. வாய்க்காலில் வழி நெடுக உடைப்பு விட்டால் கடைசியில் என்ன மிஞ்சும்? சுருக்கத்தைப் பலூன் வைத்து விரிக்கலாம், கிளையைக் கட்டிவிடலாம். ஆறு வாரத்தில் பார்ப்பதே இதற்காகத்தான்.

கைவிரல் சில்லிட்டு, மரத்து, வெளுத்து, டயாலிசிஸ் நடக்கும்போது வலி கூடினால் அது கடைமடைப் பிரச்சினை. தலைமடையிலேயே தண்ணீர் முழுக்கத் திரும்பிவிட்டால் கடைமடை காய்வதுபோல, ரத்தமெல்லாம் ஃபிஸ்டுலாவுக்கே போய் விரல் காய்கிறது. முழங்கை ஃபிஸ்டுலாவிலும் சர்க்கரை நோயாளிகளிடமும் இது கூடுதல். லேசான குளிர்ச்சி நாளடைவில் சரியாகலாம். விரல் நுனி கறுத்தாலோ, புண் வந்தாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ அன்றே பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்கிய பின் வரும் கெடுதல்களில் பல, ஊசி குத்தும் இடத்தால் வருபவை. ஒரே இடத்தில் குத்தினால் வலி குறைவு, நோயாளியும் அதையே கேட்பார். அங்கே சுவர் நைந்து முண்டு முண்டாகப் புடைக்கும். ஏணிப்படி போல இடம் மாற்றிக் குத்த வேண்டும். முண்டின்மேல் தோல் மெலிந்து பளபளத்தாலோ, ஆறாத பொருக்கு இருந்தாலோ அது எந்த நேரமும் வெடிக்கலாம். வெடித்தால் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடக் கூடாது. துண்டு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கசிவு தெரியாது. ரத்தம் வரும் அந்தப் புள்ளிமேல் விரலை வைத்து நேராக அழுத்தி, கையை உயர்த்தி, 108க்கு அழைத்து, வண்டி வரும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமானால், அதுவும் மேலே சுருக்கம் என்பதன் அடையாளம்.

ஏற்கெனவே கழுத்தில் டியூப் இருந்தால்

அது தற்காலிக ஏற்பாடு. தோலுக்கடியில் சுரங்கம் போல ஓட்டிப் போடும் பெர்ம்கேத் மாதங்கள் தாங்கும்; சுரங்கம் இல்லாத கழுத்து டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் நல்லதல்ல; தொடை டியூப் அதைவிடக் குறைவு. டியூப் வழியாக வரும் கிருமி நேரே இதயத்துக்குப் போகிறது. டயாலிசிஸ் தொடங்கிய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் அதை மலேரியா என்றோ மழையில் நனைந்தது என்றோ நினைக்க வேண்டாம், டியூபில்தான் சந்தேகம். திறக்கும்போது சிஸ்டரும் நோயாளியும் மாஸ்க் போட வேண்டும். அந்த டியூபில் வேறு யாரும் டிரிப்ஸ் போடவோ ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. எண்ணெய்க் குளியலும் ஆற்றுக் குளியலும் டியூப் எடுக்கும்வரை இல்லை. டியூப் போட்ட வாரத்திலேயே ஃபிஸ்டுலாவுக்குத் தேதி கேட்க வேண்டும். டியூபில் டயாலிசிஸ் வலியில்லாமல் ஓடுவதால் அதிலேயே தங்கிவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கிற குடும்பங்கள் பிறகு வருந்துவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

நரம்பே கிடைக்காதவருக்குச் செயற்கைக் குழாய் வைக்கலாம். இரண்டு, மூன்று வாரத்தில் பயன்படுத்தலாம், ஆனால் அடைப்பும் கிருமியும் கூடுதல்.

இன்னொரு வழி வயிற்று டயாலிசிஸ்: வயிற்றில் வைத்த குழாய் வழியே திரவத்தை உள்ளே விட்டு, பிறகு வடித்து, வீட்டிலேயே செய்வது. கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று முறை போய் வர முடியாதவருக்கு இது நல்ல வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. வயிற்றில் குழாய் வைக்குமுன் குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மலச்சிக்கலை முழுக்கச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் குழாய் இடம்மாறி ஓட்டம் நிற்கும். குழாய் வெளியே வரும் இடத்தை, நோயாளியை உட்காரவும் நிற்கவும் வைத்து, பேனாவால் முன்பே குறிக்க வேண்டும். பாவாடை நாடா, வேட்டி முடிச்சு, அரைஞாண் கயிறு மூன்றும் படாத இடம் அது. வழக்கமான புடவையிலோ வேட்டியிலோ வந்து குறித்துக்கொள்வது உத்தமம். வைத்து இரண்டு வாரம் கழித்துப் பயன்படுத்துவார்கள். நாளைக்கு மூன்று பை, இரண்டு லிட்டர் வீதம் என்றால் மாதத்துக்கு 90 பை, 180 லிட்டர். தரையில் ஈரம் ஏறாத, எலி வராத ஒரு மூலை வீட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசிக்கு முன்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக் கரையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. டயாலிசிஸ் இரண்டு நாள் தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஃபிஸ்டுலா அறுவையை வைகாசி, ஆனியில் முடித்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் அது பழுத்திருக்கும். ஈர மாதத்தில் கழுத்து டியூபோடு அலைய வேண்டாம். சம்பா நடவும் அதற்குப் பிறகுதான் என்பதால் புண் ஆறவும் அவகாசம் கிடைக்கும். உடம்பு காத்திருக்காதபோது மாதம் பார்க்க முடியாது, அது வேறு.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அது கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் வேண்டும். நோயாளி எழுந்து நடமாடும்போதே இதை முடித்துவிட வேண்டும், ஐ.சி.யூ. வாசலில் நின்று வி.ஏ.ஓ.வைத் தேடும் நிலை வரக் கூடாது. ஃபிஸ்டுலா அறுவை எந்த மருத்துவமனையில் காப்பீட்டில் வரும் என்று அங்கங்கே உள்ள காப்பீட்டு கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

கூடவே ஒரு தாள். எந்தக் கை, ஃபிஸ்டுலா வைத்த தேதி, டாப்ளர் அளவு, ரத்த வகை, ஹெபடைட்டிஸ் பி கடைசித் தவணை, சாப்பிடும் மாத்திரைகள், உலர் எடை (கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), சிறுநீரக மருத்துவரின் எண். இதை மழை படாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எடுக்கிற பையிலேயே வைத்திருக்க வேண்டும். இன்னொரு பிரதி, முதலில் ஓடிவருகிற பக்கத்து வீட்டில்.